பாபெத்தின் குசினி

டென்மார்க்கில் கோடை வந்துவிட்டால் சாப்பாட்டு மேசை வீதிக்கு வந்துவிடும். குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டவர்கள், ஜூன் மாதம் கால்வாய் ஓரத்திலும் பூங்காப் புல்லிலும் பந்தி விரிக்கிறார்கள். ஜூன் 23 இரவு சாங்க்ட் ஹான்ஸ். கடற்கரையில் விறகைக் குவித்து, உச்சியில் துணியால் செய்த சூனியக்காரியை நிறுத்திக் கொளுத்துவார்கள். சொக்கப்பனை பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தீ பழக்கமானது, பொம்மைதான் புதிது. அடுத்து 1971 முதல் நடந்துவரும் ரொஸ்கில்டே இசைவிழா, 1979 முதல் நடந்துவரும் கோப்பன்ஹேகன் ஜாஸ் விழா, ஆகஸ்டில் கோப்பன்ஹேகன் குக்கிங் என்ற உணவுத் திருவிழா. இடையில் புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, கம்பு ரொட்டியின்மேல் அடுக்கிய ஊறவைத்த ஹெர்ரிங் மீன். பிறகு கொல்ஸ்கோல். மோரில் சர்க்கரையும் முட்டை மஞ்சட்கருவும் எலுமிச்சையும் வனிலாவும் கலந்து, மொறுமொறுப்பான சின்ன பிஸ்கட்டை மேலே நொறுக்கிப் போட்டுக் குளிரக் குளிரத் தருவார்கள். தேர்வீதியில் நீர்மோர் வாங்கிக் குடித்தவன் முதல் கோடையில் முகம் சுளிப்பான். இரண்டாம் கோடையில் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு போவான்.

இவை எல்லாம் எனக்குப் பிடிக்கும். நல்ல உணவகத்தில் காசு செலவழிப்பதில் எனக்குக் குற்றவுணர்வும் கிடையாது. ஆனால் இந்த நகரத்தின் உணவுப் பேச்சில் ஏதோ ஒன்று விடுபட்டுப் போகிறது. அது என்ன என்பதை 1987இல் வந்த டேனிஷ் படம் ஒன்றைத் திரும்பப் பார்த்தபோதுதான் சரியாகப் பிடிக்க முடிந்தது. கப்ரியேல் ஆக்சலின் ‘பாபெத்தின் விருந்து’. உணவைப் பற்றிய படங்களின் பட்டியல் எங்கே போடப்பட்டாலும் இதற்கு இடம் உண்டு. போப் பிரான்சிஸ் 2016இல் குடும்பம் பற்றி எழுதிய திருமடலிலேயே இந்தப் படத்தைக் குறிப்பிட்டார்.

மூலக்கதை கேரன் பிளிக்சன் ஆங்கிலத்தில் எழுதியது. 1950இல் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் வந்தது. கதை நடப்பது நார்வேயின் வடகோடித் துறைமுகம் ஒன்றில். ஆக்சல் அதை டென்மார்க்கின் யூலாந்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். பிறந்தது ஓர்ஹூஸ், சிறுவயதின் பெரும்பகுதி கழிந்தது பாரிஸ். இப்படி இரண்டு ஊர் சாப்பாட்டையும் அறிந்தவர் அவர்.

கதை எளிமையானது. கண்டிப்பான கிறித்தவச் சபை ஒன்றைத் தொடங்கிய போதகரின் இரண்டு மகள்கள், மார்ட்டினாவும் பிலிப்பாவும், கலியாணம் கட்டாமல் அப்பாவின் சபையைக் காத்து வாழ்கிறார்கள். 1871இல் பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்ட பிறகு, மழை கொட்டும் ஓர் இரவில் பாபெத் என்ற பெண் ஒரு கடிதத்தோடு வாசலில் வந்து நிற்கிறாள். கணவனையும் மகனையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சம்பளம் கொடுக்க எங்களிடம் பணமில்லை என்கிறார்கள் சகோதரிகள். சம்பளம் வேண்டாம், இருக்க இடம் கொடுங்கள் என்கிறாள். உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத முகத்தோடு உப்புக்கண்ட மீனையும் பீர் ஊற்றிய ரொட்டிக் கஞ்சியையும் சமைக்கக் கற்றுக்கொள்கிறாள். பல ஆண்டுகள் போகின்றன. ஒருநாள் பிரெஞ்சு லாட்டரியில் அவளுக்குப் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க அனுமதி கேட்கிறாள். உயிருள்ள ஆமையும் காடைகளும் வைன் பெட்டிகளும் கப்பலில் வந்து இறங்குகின்றன. ஆமையைப் பார்த்த இரவு மார்ட்டினாவுக்குக் கெட்ட கனவு வருகிறது. பாபெத் சூனியக்காரியோ என்று பயப்படுகிறாள். சாங்க்ட் ஹான்ஸ் பொம்மையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கனவின் ஊற்று எங்கே என்று தெரியும். சபையார் கூடி, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று தங்களுக்குள் சத்தியம் செய்துகொள்கிறார்கள். பாரிஸைத் தெரிந்த ஒரு ஜெனரல் மட்டும் ருசியை அடையாளம் காண்கிறார்.

வழக்கமான விமர்சனம் இந்தப் படத்தை இறையருளின் கதையாகப் படிக்கும். பகையோடு வந்தவர்கள் வைன் உள்ளே இறங்கியதும் ஒருவரையொருவர் மன்னித்து, நட்சத்திரங்களின் கீழ்க் கிணற்றைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள். உண்மையிலேயே அழகான காட்சி. ஆனால் எனக்கு இது முதலில் ஓர் அகதியின் படம். ஆக்சலின் கேமரா சாப்பாட்டு அறைக்கும் குசினிக்கும் நடுவே ஓயாமல் போய் வந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லும் ‘குசினி’ என்ற சொல்லையே இங்கே வேண்டுமென்றே போடுகிறேன், போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டுப்போன சொல் அது, கடல் கடந்து வந்த சமையற்காரிக்குப் பொருந்தும். பாபெத் ஒருமுறைகூட அந்த மேசைக்கு வருவதில்லை. தன் விருந்தில் அவள் விருந்தாளி இல்லை. எல்லாம் முடிந்தபின் கழுவாத பாத்திரங்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். சகோதரிகள் நன்றி சொல்ல வரும்போதுதான் முழுப் பணத்தையும் ஒரே இரவில் செலவழித்துவிட்டாள் என்பதும், ஒரு காலத்தில் பாரிஸின் கஃபே ஆங்கிலேயில் அவள்தான் தலைமைச் சமையற்காரி என்பதும் தெரிகிறது. இவ்வளவு ஆண்டுகளாக அவள் யார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

படம் டென்மார்க்கில் வெளியானது 1987 ஆகஸ்டில். அடுத்த மாதம், செப்டம்பரில், நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். சட்டம் அந்த உரிமையை அவர்களுக்குக் கொடுத்திருந்தது. 1988 ஏப்ரலில் படம் ஆஸ்கர் வாங்கியது, அந்த விருதை வென்ற முதல் டேனிஷ் படம் இதுதான். விண்ணப்பங்கள் அப்போதும் அலமாரியில்தான் இருந்தன, 1989 தொடங்கும் வரைக்கும். விவகாரம் வெளியே வந்து, 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை கிடைத்ததும் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்து அதை ஒத்திவைத்தது. டேனிஷ்காரர்கள் இதை இன்றும் ‘தமிழ் வழக்கு’ என்றே சொல்கிறார்கள். ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி ஓர் அரசின் வீழ்ச்சியை நினைவு வைத்திருக்கிறார்கள், அந்த இனத்தில் யாரையும் தெரியாமலே.

ஒரு பக்கம், யூலாந்தில் தஞ்சம் புகுந்த பெண்ணைப் பார்த்துத் திரையரங்கில் கண்கலங்கிய நாடு. இன்னொரு பக்கம், அதே யூலாந்தின் சிறு நகரங்களில் மனைவியின் கடிதத்துக்காகக் காத்திருந்த ஆண்கள். இரண்டையும் சேர்த்து எழுதிய டேனிஷ் விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை. வேலை அனுமதியோடும் ஒரு பட்டத்தோடும் விமானத்தில் வந்து இறங்கிய என்னைப் போன்றவர்கள் இதைப் பேசுவதில் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் வேண்டும். நாங்கள் வந்தபோது மேசை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

படத்தின் பலவீனம் என்று நான் நினைப்பது அதன் கடைசி நிமிடங்கள். இனி வாழ்நாள் முழுக்க ஏழையாகவே இருப்பாயே என்று சகோதரி வருந்த, கலைஞன் ஒருபோதும் ஏழையாவதில்லை என்ற பொருளில் பாபெத் பதில் சொல்கிறாள். பிளிக்சன் உயர்குடியில் பிறந்தவர், அவருக்கு அந்த வாக்கியம் பெருமை. ஆனால் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய வீட்டார் காதில் அது எவ்வளவு இதமாக விழுந்திருக்கும்! கம்யூனில் தடுப்பரண் ஏறி நின்ற பெண்ணுக்குக் கூலியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காதா?

அந்த வாக்கியம் பிறகு கோப்பன்ஹேகனுக்கே குடிவந்தது. நோமா உணவகம் 2003இல் கிறிஸ்தியான்ஸ்ஹாவன் பகுதியின் பழைய கிடங்கு ஒன்றில் திறந்தது. அடுத்த ஆண்டு நோர்டிக் நாடுகளின் சமையற்கலைஞர்கள் கூடிப் பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள்: தூய்மை, புதுமை, எளிமை, அறம், பருவகாலம், உள்ளூர் மண். வெளிநாட்டுத் தாக்கங்களுக்கும் இடமுண்டு என்று அதில் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கடல் கடந்து வந்த கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த நகரத்தின் நல்ல உணவகத்தில் உட்கார்ந்தால், தட்டில் இருக்கும் கிழங்கு எந்தத் தீவில் விளைந்தது, சிப்பி எந்த வளைகுடாவில் எடுத்தது என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். அதைக் கழுவியவர் எங்கிருந்து வந்தார் என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

நோமா 2010 தொடங்கி ஐந்து முறை உலகின் சிறந்த உணவகம் என்று பெயர் வாங்கியது. அதன் சமையலறையில் உழைத்த பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022 அக்டோபரில்தான். உலகெங்குமிருந்து இளைஞர்கள் சொந்தச் செலவில் வந்து கீரை கிள்ளினார்கள், பூ பொறுக்கினார்கள். கலை கற்கிறாய், கூலி எதற்கு? பாபெத்தின் பதில் இப்போது முதலாளியின் வாயில். இத்தனைக்கும் நோமாவின் ரெனே ரெட்ஸெபி, மாசிடோனியாவிலிருந்து வந்த அல்பேனியத் தந்தைக்குப் பிறந்தவர். குசினியைத் தெரியாத வீட்டுப் பிள்ளை அல்ல.

அதே உணவகத்திலிருந்து எதிர்க்கதை ஒன்றும் வந்தது. காம்பியாவில் பிறந்த அலி சோன்கோ அங்கே தொடக்கத்திலிருந்து பாத்திரம் கழுவியவர். 2010இல் விருது வாங்க எல்லோரும் லண்டன் போனபோது அவருக்கு விசா கிடைக்கவில்லை. மற்றவர்கள் அவர் முகம் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு மேடையேறினார்கள். 2017இல் அவர் நோமாவின் பங்குதாரர்களில் ஒருவரானார். விளம்பரத்துக்குச் செய்தது என்றார்கள் சிலர். இருக்கட்டுமே. ஆமைச்சூப்பைவிடப் பெரிய விஷயம் அது.

தமிழில் ‘விருந்து’ என்றால் முதலில் சாப்பாடு இல்லை, புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுளை விருந்து என்கிறது. வீட்டுக்கு வந்த புதியவர் விருந்து, அவருக்கு இடும் உணவுக்குப் பிற்பாடுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டேனிஷிலும் பாபெத் படத்தின் பெயரில் ‘கெஸ்ட்’ என்ற சொல் இருக்கிறது, விருந்தினர் என்று பொருள். 1960களில் துருக்கியிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது அதே சொல்லைத்தான் அவர்களுக்கும் வைத்தார்கள்: விருந்தினர்-தொழிலாளி. 1973இல் கதவைச் சாத்தினார்கள். நம் மொழியில் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதவே கை வராது.

சாத்திய கதவுக்கு மாற்று இந்த நகரத்திலேயே இல்லாமலில்லை. வெஸ்டர்ப்ரோவில் அப்சலோன் என்றொரு இடம் இருக்கிறது. தேவாலயமாக இருந்த கட்டிடம், 2015 முதல் ஊர்க்கூடமாக நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு நீள மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும். மேசைக்கு ஒருவர் எழுந்துபோய்ச் சட்டியைத் தூக்கிவந்து பரிமாற வேண்டும். ருசி சுமார்தான், மிளகு கேட்டால் மிளகு வரும், காரம் வராது. ஆனால் எழுந்துபோகும் அந்தப் பத்தடியில் சமைத்தவரின் முகம் தெரிகிறது. விலை உயர்ந்த எந்த உணவகத்திலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். யூலாந்தின் ஹேர்னிங்கில் சித்திவிநாயகர் கோவில் இருக்கிறது, பிராண்டயில் அபிராமி அம்மன் கோவில். கோடையில் தேர் ஓடும்போது நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். டேனிஷ்காரர்களும் வந்து பார்க்கிறார்கள், அன்னதானப் பந்தியில் அவர்களுக்கும் இடமுண்டு. பசியோடு வந்தவரைப் பெயர் கேட்காமல் உட்காரவைக்கும் அந்தப் பழக்கம் எந்தப் பிரகடனத்திலும் எழுதப்படாதது. ஆனால் நம் திருவிழா நோட்டீசுகளை எடுத்துப் பாருங்கள், எந்த நாட்டுக் கோவிலாக இருந்தாலும் சரி. உபயகாரர் பெயர் ஊரோடு வரும், நாதஸ்வரக்காரர் பட்டத்தோடு வருவார். இரவு முழுக்க மரக்கறி வெட்டியவர்கள் ‘தொண்டர்கள்’ என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுவார்கள். மார்ட்டினாவையும் பிலிப்பாவையும் நாம் அவ்வளவு எளிதாகக் கேலி செய்ய முடியாது.

ஆக்சல் படத்தில் குசினிக்குள்ளேயே உட்கார்ந்து அதே விருந்தைச் சாப்பிடுகிறவன் ஒருவன் இருக்கிறான், ஜெனரலின் வண்டியோட்டி. பேச்சு அதிகமில்லை. ஒவ்வொரு கோப்பையாக அவன் ரசிப்பதை பாபெத் பார்க்கிறாள். அன்றிரவு அவள் சமையலை அவள் கண்முன்னே சாப்பிட்டவர்கள் வேலைக்காரர்கள்தாம். அடுத்த முறை படத்தைப் பார்ப்பவர்கள் ஜெனரலை விட்டுவிட்டு அவனைக் கவனிக்கச் சொல்வேன்.

சில கோடைகளுக்கு முன் யூலாந்துத் தேர் ஒன்றுக்குப் போயிருந்தபோது, பந்தி முடிந்து, தட்டைப் போடச் சமையல் கூடாரத்தின் பின்பக்கம் போனேன். அறுபது வயதிருக்கும் ஒரு பெண் கிடாரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, சாப்பிட்டீங்களோ?”

“ஆச்சு அக்கா. நீங்க?”

“இனித்தான்” என்றார், கரண்டியை நிறுத்தாமல். தேர் இருப்பிடத்துக்கு வந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது.