புனைவும் புனைவல்லாததும்: ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை முன்வைத்து வாசிப்புக் கற்பித்தல் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

புனைவையும் புனைவல்லாத உரைநடையையும் ஒரே வகை வினாக்களால் பயிற்றுவிப்பது இளம் மாணவரின் பொருளுணர்திறனைக் குறுக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் இரண்டாம் இயலிலுள்ள இரு பாடங்கள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வாசிப்பு, பொருளுணர்தல், புனைவு, உரைநடை, வினா, பாடநூல்.

முன்னுரை

2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், இயல்தோறும் ஒரு பொதுப்பொருளின்கீழ்ச் செய்யுள், உரைநடை, விரிவானம், இலக்கணம் ஆகியவற்றைத் தொகுத்துத் தருகிறது. இயற்கையைப் பொருளாகக் கொண்ட இரண்டாம் இயலில், பறவைகளின் வலசை பற்றிய 'சிறகின் ஓசை' என்னும் கட்டுரையும், எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் புதினத்தைத் தழுவிய 'கிழவனும் கடலும்' என்னும் படக்கதையும் இடம்பெறுகின்றன. புனைவும் புனைவல்லாததும் அருகருகே அமைந்த இவ்வைப்புமுறை நல்ல வாய்ப்பாகும். அவ்வாய்ப்பு வகுப்பறையில் பயன்படுகிறதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

வாசிப்பின் இரு நிலைகள்

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட், வாசித்து முடித்தபின் எடுத்துச்செல்ல வேண்டியதை நாடும் வாசிப்பையும், வாசிக்கும்பொழுது நிகழும் அனுபவத்தில் தோயும் வாசிப்பையும் 1978இல் வெளியிட்ட தம் நூலில் வேறுபடுத்தினார். இவ்வேறுபாடு பனுவலில் மட்டும் இல்லை. வாசகர் மேற்கொள்ளும் நிலைப்பாட்டிலும் உள்ளது என்பது அவர்தம் கருத்து. தொல்காப்பிய அகத்திணையியலும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் இயைந்ததே புலனெறி வழக்கம் எனக் கொள்கிறது. அது அகப்பாடலுக்கு உரிய வரையறையே. எனினும், புனைவை மெய், பொய் என்னும் அளவுகோலால் மட்டும் அளக்கவியலாது என்னும் தெளிவு நம் மரபிலும் உண்டு என்பதை அது காட்டுகிறது.

கட்டுரைக்குள் ஒரு கவிதை

'சிறகின் ஓசை', செங்கால் நாரையின் வலசைக்குச் சத்திமுத்தப் புலவரின் பாடலைச் சான்றாகக் காட்டுகிறது. அப்பாடலில் நாரை, வறுமையிலும் குளிரிலும் வாடும் கணவனின் நிலையை மனைவியிடம் சொல்லச் செல்லும் தூது. கட்டுரையிலோ அது பறவையின் பயணத் திசையைக் காட்டும் தகவலாகிறது. ஒரே வரிகள் இரு நோக்கில் வாசிக்கப்படுகின்றன. இதைக் கட்டுரையின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கற்பித்தலுக்கு வாய்த்த அரிய இடம் இது.

"புலவர் நாரையிடம் ஏன் பேசுகிறார்?" என்பது ஒரு வினா. "நாரை வலசை போனது என்பதற்கு இப்பாடல் மட்டும் போதிய சான்றாகுமா? கட்டுரை வேறு எதைத் துணைக்கு அழைக்கிறது?" என்பது மற்றொரு வினா. முன்னது புனைவுக்குரியது, பின்னது கருத்துரைக்கும் எழுத்துக்குரியது. "வலசை போதல் என்றால் என்ன?" என்னும் வினாவோடு பாடம் நின்றுவிடுமாயின் இவ்விரண்டும் பிறப்பதில்லை.

கதையிலிருந்து ஓர் அறம் மட்டுமா?

இக்கட்டுரையாளர் கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் 'கிழவனும் கடலும்' பாடத்தை நடத்தியபொழுது, மாணவி ஒருத்தி, "சுறாக்கள் தின்ற பிறகு அந்த எலும்புக்கூட்டைத் தாத்தா ஏன் கரைவரைக்கும் இழுத்து வந்தார்?" என்று கேட்டாள். "விடாமுயற்சி" என ஒற்றைச் சொல்லில் விடை கூறப்பட்டது. மாணவியும் அதையே எழுதிக்கொண்டாள். தேர்வில் அது சரியான விடையாகவே இருந்திருக்கும். எனினும் கிழவர் வென்றாரா, தோற்றாரா, எவருக்குக் காட்ட அதை இழுத்துவந்தார் என்னும் ஐயங்கள் அவ்விடையோடு முடிந்துபோயின. கதையின் உயிர்நிலையைத் தொட்ட வினாவை முடித்துவைத்தவர் ஆசிரியரே என்பது பின்னரே விளங்கியது.

கதையை அறமாகச் சுருக்குவதும், கட்டுரையைக் குறிப்புகளாகச் சுருக்குவதும் ஒரே பழக்கத்தின் இரு வடிவங்கள். இரண்டிலும் மாணவர் விடையை எடுப்பவராக மட்டுமே பயில்கிறார். இதன் இழப்பு மதிப்பெண்ணில் தெரிவதில்லை. கைப்பேசியில் வரும் செய்தியை ஐயுறாது ஏற்பதிலும், பிறர் மனநிலையை ஒற்றைச் சொல்லால் தீர்ப்பிடுவதிலும் அது பின்னர் வெளிப்படக்கூடும்.

மறுப்பும் அமைதியும்

நேர்பொருளே விளங்காத மாணவரிடம் இத்தகைய வினாக்களை எழுப்பலாமா என்னும் மறுப்பு நியாயமானது. மாணவர் மிகுந்த வகுப்பில் பல்வகை விடைகளைத் திருத்துவதும் எளிதன்று. நேர்பொருள் வினா அடித்தளமாதலின் அதைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு மேல் பாடத்திற்கு ஒரு வினா சேர்ந்தால் போதும். பாடநூலில் 'சிந்தனை வினா' என்னும் பகுதி முன்பே உள்ளது. புனைவுக்கு அதைப் பாத்திரத்தின் செயலை நோக்கியும், கட்டுரைக்குக் கூற்றையும் சான்றையும் நோக்கியும் அமைக்கலாம். விடைக்குறிப்பில் ஒற்றை விடைக்கு மாற்றாக, 'பனுவலிலிருந்து காரணம் காட்டும் எவ்விடையும் ஏற்கத்தக்கது' என வரையறுத்தால் திருத்துவோர்க்கும் அளவுகோல் கிடைக்கும்.

முடிவுரை

பாடநூல் இருவகை எழுத்தையும் ஒரே இயலில் வைத்துள்ளது. அவற்றை வேறுபடுத்தி வாசிக்கும் முறையை வினாக்களே கற்பிக்க வேண்டும். கட்டுரையிடம் "எவ்வாறு அறிந்தாய்?" என்றும், கதையிடம் "ஏன் இவ்வாறு செய்தார்?" என்றும் கேட்கப் பழகிய மாணவரே பொருளுணர்ந்து வாசிப்பவராவார். ஏழு, எட்டாம் வகுப்புப் பாடநூல்களின் வினாக்களையும் இந்நோக்கில் வகைப்படுத்தி ஆராய்வது அடுத்த நிலை ஆய்வாக அமையும்.