தொப்பிக் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி

பின்னல் குறிப்புகளைப் படிப்பது எனக்குப் புது வியாதி. சென்னை வெயிலில் இருந்துகொண்டு கம்பளித் தொப்பி எதற்குய்யா என்று கேட்காதீர்கள். தொப்பியை விட, அதைச் சொல்லித்தரும் எழுத்துதான் என்னை இழுத்தது. ஏனென்றால் அது அப்பட்டமான ஒரு நிரல். உள்ளீடு இருக்கிறது, லூப் இருக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் இருக்கிறது. நிரலை விமர்சிப்பது போல இதையும் விமர்சிக்கலாமே என்று தோன்றியது.

எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வகை: பக்கவாட்டில் பின்னும் இரண்டு வண்ணத் தொப்பி. வழக்கமான தொப்பி கீழ் விளிம்பில் தொடங்கி வட்டமாக மேலே ஏறும். இது அப்படி இல்லை. விளிம்பிலிருந்து உச்சிக்குப் போய், திரும்பி விளிம்புக்கு வரும். இப்படிப் போய்வந்தால் துணியில் ஒரு மேடு விழும். அவர்கள் ரிட்ஜ் என்கிறார்கள், நான் வரப்பு என்கிறேன். எல்லா வரப்பும் உச்சிவரை போனால் கிடைப்பது தலையணை உறை. அதனால் சில வரப்புகள் பாதி வழியிலேயே திரும்ப வேண்டும். இதுதான் ஷார்ட் ரோ. ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர்மை. ஆறு சுளை சேர்ந்தால் ஒரு தொப்பி.

இந்த மாதிரிக் குறிப்புகள் பெரும்பாலும் எப்படி இருக்கும்? 44 கண்ணி ஏற்று. முதல் வரிசை முழுக்கப் பின்னு. மூன்றாம் வரிசையில் 43 பின்னித் திரும்பு. ஐந்தில் 42. இப்படி 34 வரிசை, பிறகு இதையே ஆறு முறை. அப்படியே செய்தால் தொப்பி வந்துவிடும். ஆனால் ஏன் ஆறு சுளை, ஏன் ஒவ்வொரு கண்ணியாகக் குறைகிறது என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது. மூலநிரலை ஒளித்துவைத்துவிட்டு இயந்திர மொழியை மட்டும் கொடுத்தது போல.

அந்த ஒரு வார்த்தை என்ன? பள்ளிக்கூட வட்டம்தான். ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு சுமார் 6.28 கூடும். கார்ட்டர் ஸ்டிச் என்ற எளிய பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரப்பின் உயரமும் கிட்டத்தட்ட சமம். அப்படியானால் உச்சியை விட்டு ஒரு கண்ணி விலகும்போது சுமார் ஆறு வரப்பு கூட வேண்டும். ஆறு சுளை, சுளைக்கு ஒன்று. கணக்கு முடிந்தது! பன்னிரண்டு சுளை வைத்து இரண்டிரண்டு கண்ணியாகக் குறைத்தாலும் அதே ஆறுதான். ஆறு சுளையில் இரண்டிரண்டாகக் குறைத்தால் கண்ணிக்கு மூன்று வரப்புதான் கூடும், தொப்பி கூம்பாகிவிடும். பன்னிரண்டு சுளையில் ஒவ்வொன்றாகக் குறைத்தால் பன்னிரண்டு, துணி அப்பளம் போல நெளியும்.

இது தெரிந்தவருக்கு நூல் மாறினால் பயமில்லை. 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி விழும் நூலில் 51 சென்டிமீட்டர் தலைக்கு 102 வரப்பு, அதாவது சுளைக்கு 17. தடித்த நூலில் 14 கண்ணிதான் விழுகிறதா? 72 வரப்பு, சுளைக்கு 12. ஏற்ற வேண்டியது 31 கண்ணி. குறிப்பை மட்டும் நம்பியவர் அந்தத் தடித்த நூலில் 44 கண்ணி ஏற்றி, பூசணிக்காய்க்குத் தொப்பி பின்னியிருப்பார்.

வண்ணத்திலும் இதே கதைதான். வரப்புக்கு வரப்பு வண்ணம் மாற்றினால் கோடுகள் விளிம்பிலிருந்து உச்சிக்கு ஓடும். இரண்டு நூலும் எப்போதும் விளிம்பிலேயே காத்திருப்பதால் துணியின் பின்பக்கம் நூலை இழுத்துப் போக வேண்டியதில்லை. இங்கே ஒரு ஒற்றைப்படை, இரட்டைப்படை விளையாட்டு ஒளிந்திருக்கிறது. சுளைக்கு 17 வரப்பு என்றால் அடுத்த சுளை மாற்று வண்ணத்தில் தொடங்கும், உச்சியில் மூன்றுக்கு மூன்று. 16 என்றால் ஒவ்வொரு சுளையும் ஒரே வண்ணத்தில் தொடங்கும், உச்சிக்குப் போவது அந்த வண்ணம் மட்டும்தான். எது அழகு என்பது உங்கள் விருப்பம். ஆனால் தேர்ந்தெடுக்கலாம் என்பதையே சொல்லாமல் விடுவது நியாயமா?

திரும்பும் இடமும் அப்படித்தான். அடுத்த கண்ணியை நூலால் சுற்றித் திரும்பும் பழைய முறையில், முந்தைய வரப்பின் வண்ணத்தில் இருக்கும் கண்ணியை இந்த வண்ணம் சுற்றும். அங்கங்கே புள்ளி தெரியும். ஜெர்மன் முறையில் இப்போது பின்னிய கண்ணியையே இழுத்து இரட்டையாக்குகிறோம், அடுத்த கண்ணியைச் சுற்றுவதில்லை. ஒற்றை வண்ணத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, இரண்டு வண்ணத்தில் தெரியும்.

இந்த இடத்தில் எலிசபெத் ஜிம்மர்மனை நினைக்காமல் இருக்க முடியாது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்தவர். வட்டமாகப் பின்னும்படி அவர் எழுதிய ஒரு குறிப்பைத் தட்டையாகப் பின்னும்படி மாற்றி அச்சிட்டுவிட்டார்கள். கடுப்பாகி 1958ல் சொந்தமாகச் செய்திமடல் தொடங்கினார். 1971ல் வந்த 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' புத்தகத்தில் ஸ்வெட்டருக்கு வரிசைவரிசையாக உத்தரவு போடாமல் விகிதம் கொடுத்தார். உடம்பு 100 என்றால் கழுத்து 40, மணிக்கட்டு 20. கண்ணை மூடிக்கொண்டு பின்தொடராதே, யோசி என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது.

அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விகிதமும் பாதி விளக்கம்தான். ஏன் 40 என்று கேட்டால், மனிதக் கழுத்து அப்படி இருக்கிறது என்பதற்கு மேல் பதில் இல்லை. ஏன் ஆறு என்பதற்கு வட்டமே பதில். அவருக்கு இது நன்றாகவே தெரியும். 1974ல் வந்த 'நிட்டர்ஸ் அல்மனாக்'கில் உள்ள பை ஷால், ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற ஒரே வரியின் மேல் நிற்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் பின்னுகிறவர்கள் அதை மனப்பாடமாக வைத்திருப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வரிசைக் குறிப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி ஊசியை எடுப்பவருக்குக் கணக்குப் பாடம் வேண்டாம், அடுத்து எத்தனை கண்ணி என்று சொன்னால் போதும். ஒத்துக்கொள்கிறேன். குறிப்பை நீக்கச் சொல்லவில்லை. அதன் தலையில் ஒரு வரி சேருங்கள் என்கிறேன்: சுளைகளின் எண்ணிக்கையை, ஒவ்வொரு முறையும் விடும் கண்ணிகளால் வகுத்தால் ஆறு வர வேண்டும்.

பின்னலை 'பொம்பளைங்க பொழுதுபோக்கு' என்று ஒதுக்குகிறவர்களுக்கு வசதியாக இருப்பது அந்த வரி இல்லாத குறிப்புகள்தான். அதைப் பார்த்தால் பின்னுகிறவர் வெறும் ஆபரேட்டர் மாதிரித் தெரிகிறார். ஆனால் மண்டைக்குச் சரியாக ஒரு தொப்பியைத் தானாகக் கணக்குப் போட்டுப் பின்னியவர் வளைபரப்பின் வடிவியலைக் கையால் செய்து முடித்தவர். அதை அவருக்கே தெரியாமல் மறைத்துவைக்கும் எழுத்து நல்ல எழுத்து இல்லை.