படம் சரி, கிளைக்கு வயசு என்ன?

கிட் பழகிய பலரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். மேலிருந்து கீழாக வண்ண வண்ணப் புள்ளிகள், நடுவே அம்புகள். 2010 ஜனவரியில் வின்சென்ட் டிரீசன் எழுதிய கட்டுரையில் வந்தது. கிட்-ஃப்ளோ என்ற பெயரில் பரவியது. மாஸ்டர், டெவலப் என்று நிரந்தரக் கிளைகள் இரண்டு. ஃபீச்சர், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் என்று வந்துபோகும் கிளைகள் மூன்று வகை. போன வாரம் கட்டுரையை முழுசாகப் படித்தேன். (ரொம்ப நாள் படத்தை மட்டும் பார்த்தே காலம் தள்ளியவன் நான்.)

எந்தக் கிளை எங்கே பிரியணும், எங்கே போய்ச் சேரணும் என்பதில் கட்டுரைக்குக் குழப்பமே இல்லை. ஹாட்ஃபிக்ஸை மாஸ்டரில் மட்டுமல்ல, டெவலப்பிலும் சேர்க்கச் சொல்கிறதே, அது ஒன்றுக்காகவே நன்றி சொல்லலாம்.

என் குறை வேறு. ஒரு ஃபீச்சர் கிளை எத்தனை நாள் தனியாக ஓடலாம்? வேலை நடக்கும்வரை இருக்கும் என்பதோடு கட்டுரை நிறுத்திக்கொள்கிறது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் என் கிளை ஏழு வாரம் ஓடியது. முதல் வாரமே, தொகையை ரூபாயில் தரும் ஒரு ஃபங்ஷனை நாலு இடத்தில் அழைத்திருந்தேன். நாலாவது வாரம் சக ஊழியர் ஒருவர் அதைப் பைசாவில் தரும்படி மாற்றி, டெவலப்பில் அதை அழைத்த இடங்களையெல்லாம் தேடித் திருத்தினார். என் நாலு இடமும் அவர் தேடலில் வர வழியே இல்லை. கடைசியில் மெர்ஜ் செய்தபோது ஒரு கான்ஃப்ளிக்ட்கூட வரலை. கிட் பார்ப்பது வரிகளைத்தான், ரூபாயா பைசாவா என்பது அதற்கு எப்படித் தெரியும்? பில்லில் நூறு மடங்கு தொகை வந்த பிறகு மூணு நாள் தேடினோம். ரெண்டு பேருமே விதிப்படிதான் நடந்திருந்தோம்.

2020 மார்ச்சில் டிரீசன் கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பு சேர்த்தார். அடிக்கடி வெளியிடும் வெப் மென்பொருளுக்கு கிட்ஹப் ஃப்ளோ போன்ற எளிய முறை போதும், வெர்ஷன் எண் போட்டு வெளியிடுவதற்கு இது இன்னும் பொருந்தலாம் என்று. பத்து வருஷம் கழித்து இப்படி எழுத நேர்மை வேணும். ஆனால் எங்களுடையது வெர்ஷன் போடும் மென்பொருள்தான்! மென்பொருளின் வகையைப் பார்த்த குறிப்பு, கிளையின் வயசைப் பார்க்கவில்லை. அந்த நாலு அழைப்பும் முதல் வாரமே டெவலப்பில் சேர்ந்திருந்தால், அவர் கையாலேயே திருத்தியிருப்பார்.

படத்தின் ஓரத்தில் காலத்தைக் குறிக்க ஒரு நீண்ட அம்பு இருக்கிறது. நாள் கணக்கா, மாதக் கணக்கா என்று அதில் இல்லை.