திணையும் சூழற்றொகுதியும்

மாணவர்க்குச் சூழலியலின் அடிப்படைகளைத் தமிழிற் கற்பிப்போர் பலர் இந்நாளில் ஐந்திணையையே முதற்பாடமாகக் கொள்கின்றனர். திணை என்பது சூழற்றொகுதியே என்றும், மேலைநாட்டார் அண்மையிற் கண்டதைத் தொல்காப்பியர் அன்றே வகுத்தார் என்றும் அவர் கூறுவர். இக்கூற்றுச் செவிக்கு இனிது; ஆயினும் ஆராயத்தக்கது. 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கிலம் பயிற்றிய நிர்மல் செல்வமணி, திணையைச் சூழலியல் நோக்கில் விரித்தவருள் முதன்மையானவர். அவர்தம் கருத்து நுண்ணிது. யாம் ஈண்டு மறுப்பது, பிறர் அதனைச் சுருக்கிக் கொண்ட சமன்பாட்டினையே.

சூழலியல் என்னும் துறைக்குப் பெயரிட்டவர் ஹெக்கல், ஆண்டு 1866. சூழற்றொகுதி என்னும் கருத்தை டான்சுலி 1935-இல் வகுத்தார். உயிர்களும், அவை வாழும் மண், நீர், காற்று என்பனவும் ஒன்றையொன்று இயக்கி நிற்கும் முழுமையே அது. அம்முழுமையுள் ஆற்றல் படிதோறும் குறைந்து செல்லுமாற்றை லிண்டமன் 1942-இல் காட்டினார். கதிரொளியால் உணவாக்கும் பயிர், அதனை உண்ணும் உயிர், அவ்வுயிரை உண்ணும் பிறிதோர் உயிர், இறந்தனவற்றை மட்கச்செய்து மண்ணுக்கு மீட்டளிக்கும் நுண்ணுயிர் என இவ்வியக்கம் தொடரும்.

தொல்காப்பியர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். இவற்றைத் தொகுப்பு எனலாமன்றி இயக்கம் எனல் ஆகாது. மரத்தோடும் விலங்கோடும் பறையும் யாழும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமையே அவர் கருதியது பிறிதொன்று என்பதற்குச் சான்றாம். அன்றியும், முதல், கரு, உரி என்னும் மூன்றன் சிறப்புமுறை, செய்யுட்களிற் பயின்று வந்தவற்றை நோக்கிக் கூறியதே என அவரே எல்லை வகுத்துள்ளார். அவ்வெல்லையை மறந்து நூற்பாவை மட்டும் எடுத்தாளுதல் ஆராய்ச்சி நெறியன்று.

பீர்க்கன்கரணை ஏரியின் கரையில் ஒரு மாணவனை நிறுத்துவோம். பேரூராட்சியாக இருந்த அவ்வூர் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரி உண்டு, அதன் நீருண்டு விளையும் மருதம் எங்கே? வயல் மனையான பின் அந்நீரை எத்திணையில் வைப்பது? வினா எளிதன்று.

இன்னும் ஒன்று. ஒரு நிலத்துக்குரிய மலரோ பறவையோ பிறிதொரு நிலத்திற் பாடப்படின், சென்று சேர்ந்த நிலத்துக்கே உரியதாகக் கொள்ளப்படும் என்பது அகத்திணையியல் விதி. அயலுயிர்ப் பரவலைத் தமிழர் அறிந்தமைக்கு இதனைச் சான்று காட்டுவாரும் உளர். தென்னமெரிக்காவினின்று வந்த ஆகாயத்தாமரையை இவ்விதிப்படி நோக்கின், அது மருதப்பூவாகிவிடும். சூழலியலோ அது நீர்நிலைக்கு என் செய்கின்றது என வினவும். கழிவுநீர் கலந்த ஏரியில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதலால் அது செழிக்கும், நீர்ப்பரப்பை மூடி ஒளியைத் தடுக்கும், அடியிலுள்ள பயிர் மடியும், அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வளி குறையும், மீன் மடியும். விதி செய்யுளுக்கு உரியது. வினா ஏரிக்கு உரியது. இரண்டையும் ஒன்றெனக் கற்ற மாணவன் பூவைக் கண்டு மகிழ்வானன்றி நீரின் நோயை அறியான்.

முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாதலைச் சிலப்பதிகாரம் கூறும். நிலத்தின் மாற்றத்தைச் சுட்டும் அவ்விடம் உண்மையில் அரியது. 

எனினும், சூழலியற் பாடத்திற்குச் சங்கநூல் உதவாது என்பது எம் கருத்தன்று. தேடும் இடமே தவறிற்று. புறநானூற்றின் 18-ஆம் பாட்டிற் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைப்பதைக் காண்க. உடம்பு உணவால் நிற்பது. உணவு என்பது நிலமும் நீரும். அவ்விரண்டையும் சேர்த்தவர் உடம்பையும் உயிரையும் ஆக்கியவராவர். ஆதலின் நிலம் பள்ளமான இடந்தோறும் நீரைத் தேக்குக என்கிறார். இஃது இயக்கம், ஒன்று பிறிதொன்றாய் மாறும் முறை. பீர்க்கன்கரணையில் ஏரி ஏன் அமைந்தது என்பதற்கு விடை இப்பாட்டில் உண்டு. தொகுத்தோர் இதனைப் பொதுவியலில் வைத்தனர். ஐந்திணையுள் யாதொன்றிலும் இதற்கு இடமில்லை.