குட்டி என்ன நிறம்? மார்ஃப்மார்க்கெட் மரபணுக் கணிப்பான்: ஒரு சோதனை

பால் பைதான் வளர்ப்பவர்கள் ஆணையும் பெண்ணையும் சேர்ப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குட்டிகள் என்ன நிறத்தில் வரும்? மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் சிறிய மலைப்பாம்பில் நிறமும் கோலமும் மாறிய வகைகளை மார்ஃப் என்கிறார்கள். ஒன்றோடொன்று கலந்து கலந்து அவற்றின் பெயர்ப்பட்டியல் ஆயிரக்கணக்கில் நீண்டுவிட்டது. மனக்கணக்காகப் போட்டு மாளாது. அதற்காகத்தான் மார்ஃப்மார்க்கெட் இணையதளம் ஒரு மரபணுக் கணிப்பானை இலவசமாக வைத்திருக்கிறது.

பயன்படுத்துவது எளிது. கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து, தாய் தந்தை இருவருக்கும் உரிய கட்டங்களில் மார்ஃப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். தேர்ந்தெடுத்து அழுத்தினால், என்னென்ன குட்டி வரலாம், ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பின்னங்களாகப் பட்டியல் வரும்.

விடை சரிதானா என்று பார்க்க எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்று இருந்தது. அது செம்பனைக் கணக்கு. பகாவ், லாபு, லிங்கி என்று நெகிரி செம்பிலானில் எந்தச் செம்பனைத் தோட்டத்துக்குப் போனாலும் பெரும்பாலும் நிற்பது தெனேரா மரம். தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் சேர்த்தால் மெல்லிய ஓடுள்ள தெனேரா பிறக்கிறது. இதை ஆளும் மரபணு ஒன்றே ஒன்றுதான் என்று 1941இல் காங்கோவில் ஆய்வு செய்தவர்கள் காட்டினார்கள். அந்த மரபணுவையே அடையாளம் கண்ட ஆய்வு, மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தலைமையில் 2013இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. தெனேராவையும் தெனேராவையும் சேர்த்தால் கால்பங்கு டூரா, அரைப்பங்கு தெனேரா, கால்பங்கு பிசிஃபெரா.

பாஸ்டெல் என்ற மார்ஃப்பில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கணிப்பானில் போட்டேன். கால்பங்கு சாதாரணம், அரைப்பங்கு பாஸ்டெல், கால்பங்கு சூப்பர் பாஸ்டெல் என்றது. செம்பனைக் கணக்கு அப்படியே பொருந்தியது. ஒரு பிரதி மரபணு இருந்தால் ஒரு தோற்றம், இரண்டு பிரதி இருந்தால் வேறொரு தோற்றம்.

அடுத்து ஒடுங்கு பண்பு. அல்பினோ வெளியே தெரிய இரண்டு பிரதியும் வேண்டும். ஒன்று மட்டும் சுமக்கும் பாம்பை ஹெட் என்பார்கள். பார்வைக்கு அது சாதாரணப் பாம்புதான். ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் கால்பங்கு அல்பினோ. மீதி முக்கால்பங்கும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் அவற்றில் மூன்றுக்கு இரண்டு அல்பினோ மரபணுவை மறைத்து வைத்திருக்கும். விற்பவர்கள் "66 விழுக்காடு ஹெட்" என்று எழுதுவதன் பொருள் இதுதான். அந்தப் பாம்பு மூன்றில் இரண்டு பங்கு அல்பினோ என்று நினைத்துக் கூடுதல் வெள்ளி கொடுத்துவிடாதீர்கள். கையில் இருப்பது ஒன்று ஹெட், அல்லது வெறும் சாதாரணம். நடுவில் ஒன்றும் கிடையாது.

மொஹாவி, லெஸ்ஸர் என்ற இரண்டு மார்ஃப்களைச் சேர்த்தால் நீலக் கண்ணுடைய வெள்ளைப் பாம்பு வரும் என்பதையும் கணிப்பான் அறிந்திருக்கிறது. இரண்டும் ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள். வெறும் பெருக்கல் கணக்கு போடும் கருவி இங்கே தடுக்கி விழுந்திருக்கும்.

ஆகவே கணக்கில் குறை காண முடியவில்லை. கவலையெல்லாம் அந்தப் பின்னத்தை நாம் வாசிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. பால் பைதான் ஒரு தடவைக்கு ஆறு முட்டை அளவில்தான் இடும். கால்பங்கு என்று திரை சொன்னால் நாலு முட்டைக்கு ஒன்று உறுதி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முட்டையும் தனித்தனிக் குலுக்கல். ஆறு முட்டையிலும் விரும்பிய நிறம் ஒன்றுகூட வராமல் போக ஏறத்தாழ 18 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அல்பினோ, அதைப் போலவே ஒடுங்கு பண்பான கிளவுன் ஆகிய இரண்டுக்கும் ஹெட்டான ஜோடியைச் சேர்த்து இரண்டும் கூடிய குட்டியை எதிர்பார்த்தால் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஆறு முட்டையில் ஒன்றும் தேறாமல் போக 68 விழுக்காடு வாய்ப்பு! ஆயிரக்கணக்கில் கன்று நடும் தோட்டத்தில் பின்னம் சராசரிக்கு வந்துவிடும். ஆறு முட்டையில் வராது. பட்டியலுக்குப் பக்கத்திலேயே முட்டை எண்ணிக்கையைக் கேட்டு இந்த வாய்ப்பையும் காட்டும் வசதிதான் இத்தகைய கணிப்பான்களுக்கு முதல் தேவை.

பெற்றோர் பற்றி நாம் கொடுக்கும் தகவல் பிழையென்றால் விடையும் பிழை. மலேசியாவின் சுயேச்சைச் செம்பனைச் சாகுபடித் துறையில் மரங்களையும் கன்றுகளையும் மரபணுச் சோதனை செய்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், தெனேரா என்று நம்பியவற்றில் ஏறத்தாழ 11 விழுக்காடு தெனேராவே இல்லை. பாம்பிலும் விற்றவர் வாய்ச்சொல்லே சான்று என்றால் இதே கதைதான். நல்லவேளையாக இப்போது வழி பிறந்திருக்கிறது. வளர்ப்பவர்கள் அனுப்பிய பாம்புச் சட்டைகளைக் கொண்டே அமெரிக்க ஆய்வாளர்கள் அல்பினோ, லாவெண்டர் அல்பினோ, அல்ட்ராமெல் ஆகிய மூன்று மார்ஃப்களின் மரபணு மாற்றங்களையும் கண்டறிந்து 2022இல் வெளியிட்டார்கள். உரித்த சட்டையைக் கொண்டு சோதித்துச் சொல்லும் ஆய்வகங்களும் வந்துவிட்டன. ஹெட் என்று சொல்லி விலை கேட்டால் சோதனை முடிவைக் கேளுங்கள்.

பனானா என்ற மார்ஃப்பில் இன்னொரு நுட்பம். அதன் மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பாம்பு பனானாவைத் தந்தையிடமிருந்து பெற்றிருந்தால் அதன் பனானா குட்டிகள் பெரும்பாலும் ஆண். தாயிடமிருந்து பெற்றிருந்தால் பெரும்பாலும் பெண். பின்னத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, வம்சாவளி தெரிந்திருக்க வேண்டும்.

நிறத்துக்கு அப்பால் ஒன்று, எனக்கு மிக முக்கியமானது. ஸ்பைடர் மார்ஃப் பாம்புகள் தலை ஆடி, உடல் சமநிலை தவறித் தவிக்கும். உள்காதின் அமைப்பிலேயே கோளாறு இருப்பதை 2022இல் வந்த ஆய்வு காட்டியது. கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பிறக்கும்போதே தலைசுற்றலோடு வரும் உயிரைத் தெரிந்தே உருவாக்குவது தவறு என்பேன். கணிப்பானில் தட்டும் முன் அதே தளத்தின் மார்ஃப்பீடியா பகுதியில் அந்த மரபணுவைப் பற்றிப் படித்துவிடுங்கள்.

சட்டமும் உண்டு. பால் பைதான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் செயல்படுத்துகிறது. வாங்குவதற்கும் இனப்பெருக்கம் செய்வதற்கும் முன்பே மாநில அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். செம்பனைக்கு நடுவே எலி பிடித்து வாழும் நம்மூர் மலைப்பாம்பைப் பிடித்து இந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள நினைக்கவே வேண்டாம். அது தோட்டத்துக்கு வேலை செய்யும் உயிர், அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

என் தீர்ப்பு: கணக்குக்கும் கற்பதற்கும் இந்தக் கணிப்பானை நம்பலாம். ஐந்தாம் படிவத்தில் மெண்டல் விதி படிக்கும் மாணவருக்குக்கூடத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெற்றோர் மரபணு உறுதியாகத் தெரியாதவர், அல்லது முதல் தடவையிலேயே போட்ட பணத்தை எடுக்க நினைப்பவர், இதில் வரும் பின்னத்தை நம்பி ஜோடி வாங்க வேண்டாம்.