ஹெயில்ஷாமில் இல்லாத அம்மாக்கள்

கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ‘பாத்தியா, விஞ்ஞானம் இப்படித்தான் போய் முடியும்’ என்பது ஒரு கட்சி. இன்றைக்குக் கருவில் கை வைத்தவன் நாளைக்குப் பிள்ளையின் சிறுநீரகத்தில் கை வைப்பான் என்று எச்சரிக்க அதற்கு இந்த நாவல் ஒரு துண்டறிக்கை. ‘அய்யோ, இது குளோனிங் கதையே இல்லை, மரணத்தைப் பற்றிய உருவகம்’ என்பது இன்னொரு கட்சி. பேட்டிகளில் இஷிகுரோவே ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறார். எனக்கு இரண்டுமே நழுவல்களாகப் படுகின்றன.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: குளோன் செய்யப்பட்ட பிள்ளைகள் ஹெயில்ஷாம் என்ற விடுதிப் பள்ளியில் நல்லபடியாகவே வளர்கிறார்கள். பெரியவர்களானதும் உறுப்புகளைக் கொடுக்க ஆரம்பித்து, மூன்றாவது நான்காவது தடவையில் செத்துப்போகிறார்கள். அங்கே சாவுக்குப் பெயர் ‘நிறைவடைவது’. உறுப்பை அறுத்து எடுப்பதற்குப் பெயர் தானம்.

முதல் கட்சிக்காரர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல் ஆய்வில் அழிக்கப்படுவது கேத்தி அல்ல. 1998-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து வளர்த்தபோது பயன்பட்டவை, செயற்கைக் கருத்தரிப்புக்காக உருவாக்கி, பிறகு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட கருக்கள். ஐந்தாறு நாள் வயது, நூறு இருநூறு செல்கள், நரம்பு என்று ஒன்று முளைக்கவில்லை. அதை ஓர் ஆளாக என்னால் நினைக்க முடியவில்லை. பார்க்கின்சன் நோயாளிக்கு அதிலிருந்து ஏதாவது கிடைக்குமென்றால் நான் ஆய்வின் பக்கம்தான்.

ஆனால் இந்த விவாதம் எப்போதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: அது உயிரா, எப்போதிலிருந்து உயிர்? 1984-ல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு பதினான்கு நாள் என்று கோடு போட்டது. ஏறக்குறைய பதினைந்தாம் நாளில் கருவில் ஒரு கீற்று தோன்றும், அதற்குப் பிறகு அது இரட்டையாகப் பிரிய வழியில்லை, அதனால் அதுவரைக்கும். 1990-ல் அது சட்டமும் ஆனது. எங்கேயாவது கோடு போட்டாகத்தானே வேண்டும், போட்டார்கள். என் பிரச்சினை கோட்டில் இல்லை, கேள்வியில்.

இந்தக் கேள்வியை இஷிகுரோ என்ன செய்கிறார் என்று பாருங்கள். கேத்தியும் டாமியும் லிட்டில்ஹாம்ப்டனுக்குப் போய்ப் பழைய தலைமையாசிரியை மிஸ் எமிலியைச் சந்திக்கிறார்கள். உண்மையாகக் காதலிப்பவர்களுக்கு மூன்று வருடம் தள்ளிவைப்பு கிடைக்கும் என்ற வதந்தியை நம்பி, டாமி தான் வரைந்த விலங்குப் படங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறான். அப்படி ஒரு சலுகையே கிடையாது. பிறகு எதற்கு எங்கள் படங்களை எடுத்துப்போனீர்கள்? உங்களுக்கு ஆன்மா உண்டு என்று வெளியுலகத்துக்கு நிரூபிக்கத்தான் என்கிறார் மிஸ் எமிலி. இதைச் சொல்லும்போதே அவர் கவனத்தில் பாதி வேறெங்கோ இருக்கிறது. அவருடைய கட்டிலோர அலமாரியை எடுத்துப்போக ஆள் வரப்போகிறது, அதில் கீறல் விழுந்துவிடக்கூடாது.

அந்த அலமாரிதான் எனக்கு நாவலின் உச்சம். ஆன்மா நிரூபிக்கப்பட்டாயிற்று, கண்காட்சி நடந்தது, பெரிய மனிதர்கள் வந்து பார்த்தார்கள், கண்கலங்கினார்கள். ஒன்றும் மாறவில்லை. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்ட உலகம் மருந்தில்லாத காலத்துக்குத் திரும்பிப் போகாது. ‘உயிரா இல்லையா’ என்ற கேள்வி, எடுக்கிறவன் தன் மனசாட்சிக்காக வைத்திருக்கும் கேள்வி. கொடுக்கிறவளுக்கு அதனால் ஒரு நாள்கூடக் கூடக் கிடைக்காது.

நாவல் வந்தது 2005-ல். அதே வருடம் தென் கொரியாவில், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹ்வாங் வூ-சுக் நாட்டின் கதாநாயகன். நோயாளிகளின் செல்லை வைத்துக் குளோன் கருக்கள் செய்து 11 ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கிவிட்டதாக ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். எல்லாம் புனைவு என்று 2006 ஜனவரியில் பல்கலைக்கழகமே சொன்னது, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இந்தப் பித்தலாட்டம்தான் எல்லோருக்கும் ஞாபகம். எனக்கு நிற்பது முட்டைக் கணக்கு. கட்டுரையில் 185 முட்டைகள் என்றிருந்தது. விசாரணையில் தெரிந்தது, ஆய்வு நடந்த வருடங்களில் நூறுக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து 2,000-க்கும் மேல் எடுத்திருக்கிறார்கள். சிலருக்குக் காசு. அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த இரண்டு இளம்பெண்களும் கொடுத்திருந்தார்கள். தினமும் ஹார்மோன் ஊசி, பிறகு ஊசியால் துளைத்து உறிஞ்சுவது. சூலகம் வீங்கிச் சிகிச்சைக்குப் போனவர்களும் உண்டு.

தானம், தானம் என்றேதான் அதற்கும் பேர். செய்தி வெளியானதும் நூற்றுக்கணக்கான கொரியப் பெண்கள் என் முட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதிவு செய்தார்கள். ஆய்வகத்துக்குப் போகும் வழியில் பூ வைத்தார்கள். தன் பராமரிப்பில் இருக்கும் தானக்காரர்கள் அமைதியாக இருக்கிறார்கள் என்று கேத்தி பெருமைப்படுவாளே, அந்தப் பக்கத்தை இதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை.

நம் மொழியில் இந்தச் சொல் இன்னும் மோசம். தானம் என்றவுடன் கர்ணன் வந்துவிடுகிறான். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தவனுக்குக் கைதட்டுகிற மும்முரத்தில், பிராமண வேஷம் போட்டு வந்து வாங்கிப்போனவனை மறந்துவிடுகிறோம். 2022-ல் ஈரோட்டில் ஒரு 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்தது வெளியே வந்தபோது பத்திரிகைகள் ‘விற்பனை’ என்று எழுதின. அது குழந்தையில்லாதவர்களுக்கான சிகிச்சைக்காக எடுத்தது, ஆய்வுக்காக அல்ல. ஆனால் ஆய்வகத்துக்கு வரும் ‘உபரிக் கரு’வும் இப்படிப்பட்ட சிகிச்சை மையங்களிலிருந்துதான் வருகிறது.

இஷிகுரோ மேல் எனக்கொரு வழக்கு உண்டு. குளோன் செய்ய முட்டை வேண்டும், சுமக்கக் கருப்பை வேண்டும். ஒரு டாலி ஆட்டுக்குட்டி 1996-ல் பிறக்க 277 முட்டைகளில் முயற்சி நடந்தது. அப்படியானால் ஹெயில்ஷாமின் ஒரு வகுப்புக்கு எத்தனை பெண்கள் படுத்திருப்பார்கள்? நாவலில் அவர்கள் இல்லவே இல்லை. கேத்திக்குத் தோன்றாதது சரி, அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மிஸ் எமிலியும், எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைக்கும் அந்த நீண்ட பேச்சில், இதைத் தொடுவதில்லை. ரூத் மட்டும் ஒருநாள் நார்ஃபோக்குக்குப் போய், ஓர் அலுவலகத்தின் கண்ணாடி வழியாக, தன் மூலப்பிரதியாக இருக்கலாம் என்று நம்பும் பெண்ணை எட்டிப் பார்க்கிறாள். சாயல் தேடித்தான் போகிறாள். தன்னைச் சுமந்தவள் யார் என்று அந்தப் பயணத்தில் யாரும் கேட்பதில்லை.