செண்டுடோக் ஏன் ரோடோடென்ட்ரான் அன்று?

சிங்கப்பூரின் காட்டோரங்களில் ஊதாப்பூ பூக்கும் செண்டுடோக் செடியை ஆங்கிலம் பேசுவோர் 'சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான்' என்பதுண்டு. அது ரோடோடென்ட்ரானுக்கு உறவே இல்லை. ரோடோடென்ட்ரான் எரிக்கேசி குடும்பம். செண்டுடோக் மெலஸ்டொமட்டேசி குடும்பம். சாயலை வைத்துப் பெயரிடுவதில் தமிழரும் விலக்கல்லர். நீலகிரி ரோடோடென்ட்ரானைக் காட்டுப்பூவரசு என்கிறோம். பூவரசோ செம்பருத்தியின் குடும்பம்.

அதற்காக வழக்குப் பெயர்களைத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூரின் கேம்பல் லேன் பூக்கடையில் மல்லிகையும் முல்லையும் வேறு வேறு. தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினம். புழங்கும் கைகள் அறியும் நுட்பம் அது. ஆனால் எந்தச் செடிக்கு எது உறவு என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வதே வகைப்பாட்டின் வலிமை. 1819இல் ராஃபிள்ஸுடன் சிங்கப்பூர் வந்த தாவரவியலாளர் வில்லியம் ஜாக், மறு ஆண்டு 'லியூகோபோகன் மலயானம்' என்ற புதர்ச்செடியை விவரித்தார். அந்தப் பேரினம் அன்று பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்குரியது. மகரந்தப்பை ஒற்றைப் பிளவாகத் திறப்பதால், துளை வழியே திறக்கும் எரிக்கேசியிலிருந்து பிரித்து எப்பாக்ரிடேசி என்ற தனிக் குடும்பத்தில் அவ்வகைச் செடிகளை வைத்திருந்தார்கள். பின்னர் மரபணுச் சான்றுகள் அந்தக் குடும்பம் எரிக்கேசிக்குள்ளேயே கிளைத்தது என்று காட்டின. 2002இல் கேத்லீன் க்ரான் குழு வெளியிட்ட வகைப்பாடு அதை ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்தது. தன் பிழையைச் சான்று கொண்டு திருத்திக்கொள்ளும் முறை இது.

குறைகளும் உண்டு. பெயர்கள் மாறுகின்றன: ஜாக்கின் செடி இன்று 'ஸ்டைஃபீலியா மலயானா'. 'மலயானா' என்ற அடைமொழி நிலைத்ததால்தான் பழைய பதிவுகளைத் தேடிப் பிடிக்க முடிகிறது. ஆனால் முந்தைய பெயரை அறியாதவருக்கு அவை வேறொரு செடியின் பதிவுகளாகவே தெரியும். செடியின் மாதிரி இல்லாவிட்டால் இன்னும் சிக்கல்: ஜாக் 1822இல் இறந்தார், அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி 1824இல் 'ஃபேம்' கப்பலோடு எரிந்தது. பிறகு வந்தவர்களுக்கு அவர் எழுத்தே பெரும் சான்று. ஒரு செடி தனிச் சிற்றினமா, துணையினமா என்பதிலும் ஒருமித்த தீர்ப்பு இல்லை. நீலகிரி ரோடோடென்ட்ரானைச் சிலர் தனிச் சிற்றினம் என்கிறார்கள், சிலர் இமயமலைச் சிற்றினத்தின் துணையினம் என்கிறார்கள். சிற்றினங்களை எண்ணியே பாதுகாப்புப் பட்டியல்கள் எழுதப்படுவதால், இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று.

எனவே அறிவியல் பெயரே முதுகெலும்பாக இருக்கட்டும். ஆனால் நாம் பூமலை என்றழைக்கும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிலும் பிற பூங்காக்களிலும் ஒவ்வொரு செடியின் பலகையும் இன்றைய பெயரோடு முந்தைய பெயரையும் மலாய், தமிழ், சீன வழக்குப் பெயர்களையும் தாங்க வேண்டும். செண்டுடோக்கின் பலகை, அது ரோடோடென்ட்ரான் அன்று என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உறவைச் சொல்லும் பெயரும் ஊர் அறிந்த பெயரும் சேர்ந்தால்தான், ஆய்வாளர் காக்கச் சொல்லும் செடி எதுவென்று மக்களுக்கும் தெரியும்.